பீங்கான் ஊரும் பள்ளிக்கூடத்து வானொலியும்

விருத்தாசலம் என்றவுடன் தமிழ் பயின்றவர்களுக்குத் திருமுதுகுன்றம் நினைவுக்கு வரும். விருத்தம் என்பது முதுமை. அசலம் என்பது மலை. பழமலை என்று முன்னோர் வழங்கிய பெயரையே வடமொழியாக்கி வழங்குகிறோம். இவ்வூர் மணிமுத்தாற்றில் சுந்தரர் பொன்னை இட்டு, அதனைத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பழைய வரலாறு. ஓரிடத்தில் இட்ட பொருளை வேறோரிடத்தில் எடுத்த இந்தக் கதையை மாணவர்கள் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நான் சொல்லப்போகும் செய்தியில் அது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பொருந்தி வருகிறது.

கோயிலுக்கு அடுத்தபடியாக இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது பீங்கான். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இருக்கிறது. நவராத்திரிக் கொலுவுக்கான பொம்மைகள் இங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்லும். ஆயினும் நான் பேச எடுத்துக்கொண்டது பொம்மையை அன்று. எவர் கண்ணிலும் படாத ஒரு சிறு பொருளை. பழைய வீடுகளின் மின்சாரப் பலகையில் வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் கட்டை செருகியிருக்கும். பியூஸ் கேரியர் என்பார்கள். மின்சாரம் அளவுக்கு மிஞ்சி ஓடினால் அதனுள் இருக்கும் மெல்லிய கம்பி உருகித் தன்னை அழித்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றும். பீங்கானோ உருகாது, மின்சாரத்தைத் தன்னுள் கடத்தாது, மழையில் நனைந்தாலும் மெருகிட்ட அதன் மேற்பரப்பில் நீர் தங்காது. தெருக்கம்பத்தில் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான் குமிழும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. விருத்தாசலத்துச் சூளைகளில் இவை போன்ற மின்சாதனப் பீங்கான்கள் மிகுதியாக வெந்து வெளிவந்தன.

இதற்கு வேண்டிய வெண்களிமண்ணுக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அண்டையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலே அம்மண் கிடைக்கிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோன்றியது. 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒரே குழியில் மேலே இருந்தது மின்சாரத்தைத் தடுக்கும் மண். கீழே இருந்தது மின்சாரத்தைப் பிறப்பிக்கும் கரி. இயற்கை இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே உண்டாகிறது.

சிற்றூர்ப் பள்ளிக்கூடத்துக்குள் இதுவரை நுழைந்த இயந்திரங்களான வானொலி, தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தப் பீங்கான் வாயிலைக் கடந்துதான் நுழைந்தன. அவை நுழைந்த வரலாற்றையும், நுழைந்த பின் என்ன நேர்ந்தது என்பதையும் இனிக் காண்போம்.

மின்சாரம் வருவதற்கு முன்னரே நம் பள்ளிக்கூடங்களில் ஒரு கருவி இருந்தது. அது மணல். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். ஏடும் எழுத்தாணியும் கைவந்த பிறகே வரும். மணலோ முதல் நாளே கிடைக்கும், காசும் வேண்டாம், அழித்து எழுதவும் தடையில்லை. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற படைவீரர் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கு மேற்பார்வையாளரானார். தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதை ஒரு நாள் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் அதை நன்றாகவே நடத்தினான். முன்னறிந்த மாணவன் பின்வந்த மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் இம்முறை, சட்டாம்பிள்ளை என்ற பெயரில் நம் திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்து வந்ததே.

பெல் தாய்நாடு திரும்பி, 1797இல் இதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றில் மணல் தட்டும் மாணவ ஆசிரியனும் இடம்பெற்றார்கள். ‘சென்னை முறை’ என்றே அங்கே அதற்குப் பெயர். மணிமுத்தாற்றில் இட்டதைத் திருவாரூரில் எடுத்தது போல, தமிழ் மணலில் இட்டது தேம்ஸ் நதிக்கரையில் எடுக்கப்பட்டது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கை 1826இல் தொகுத்துரைத்தபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகக் குறித்தார். மக்கள் தொகை அப்போது 1,28,50,941. அந்தக் கணக்கில் சேர்ந்த பெண்குழந்தைகள் மிகச் சிலரே என்பதையும், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திண்ணை ஒன்றுபோல இடம் கொடுக்கவில்லை என்பதையும் மறைத்துப் பழம்பெருமை பேசுவது வரலாறாகாது.

இனி வானொலிக்கு வருவோம். 1924இல் இங்கிலாந்தில் பள்ளி ஒலிபரப்புத் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலிய ஆர்வலர்கள் ஒரு வானொலிக் கழகம் அமைத்து ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பொருள் முட்டுப்பாட்டால் கழகம் நலிந்தது. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. அந்த நிகழ்ச்சிகளுள் எனக்கு மிகவும் பிடித்தது மாலை 4 மணி முதல் 4-30 வரை நடந்த அரைமணி நேரப் பகுதி. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாட்டுப் பயிற்சியும் கதையும் அதில் வந்தன. அந்நாளில் வானொலிப் பெட்டி வாங்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. ஆயினும் நகராட்சிப் பள்ளியில் பயிலும் ஏழைக் குழந்தைக்கும் அது கேட்கவேண்டும் என்று ஒரு நகரசபை எண்ணியது பெரிய செய்தி. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் தோன்றின. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒலிபரப்பு இவற்றின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

ஒலி காற்றில் வந்துவிட்டது. கேட்பதற்குப் பெட்டி வேண்டுமே! பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் நிலையம் 1937இலும் மின்சாரம் தரத் தொடங்கின என்றாலும், கம்பி முதலில் ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் பிறகு பம்பு செட்டுகளுக்கும் சென்றது. பள்ளிக்கூடம் வரிசையில் கடைசி. சிற்றூர்களில் வானொலி பாடியது என்றால் அது பாட்டரியில்தான் பாடியது. பாட்டரியோ தீர்ந்துபோகும், தீர்ந்தால் நகரத்துக்குப் போய் வாங்கிவர வேண்டும், வாங்கப் பணம் எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி எழும்.

இதனை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. விருத்தாசலத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் ஈராசிரியர் பள்ளியில் 1961இல் சேர்ந்தேன். காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலம். 1956இல் மதிய உணவு தொடங்கி, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்துவந்தன. ஊரார் தம் பள்ளிக்குத் தாமே பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கொடுக்கும் இயக்கம் அது. எங்கள் ஊரார் கடலை விற்ற பணத்தில் ஒரு வானொலிப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மரத்தால் ஆன பெரிய பெட்டி. அதனை நான் கண்டது பெரும்பாலும் அலமாரியின் கம்பிவலைக்கு உள்ளேதான். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் பழுதானால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அவர் அதனைக் கண்ணின் மணி போலக் காத்தார். வாரம் ஒருமுறை துடைத்துப் பூட்டினார். பாடம் ஒலிபரப்பாகும் நேரம் எங்கள் கால அட்டவணைக்கு ஒத்து வரவில்லை என்பது ஒரு காரணம். பாட்டரி செத்துப்போயிருந்தது மற்றொரு காரணம். அவரை நான் குறை கூற மாட்டேன். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, ஒரே கூடம். இவற்றோடு ஒரு பெட்டியும் சேர்ந்தால் அவர் என்ன செய்வார்? பெட்டியைக் கொடுத்தவர்கள், அதனை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது என்பதைக் கொடுக்கவில்லை.

அந்தப் பெட்டி பேசி நான் கேட்டது ஒரே ஒரு நாள். 1964 மே 27. கோடை விடுமுறை. யாரோ விருத்தாசலத்திலிருந்து செய்தி கொண்டுவந்தார்கள். தலைமையாசிரியர் பள்ளியைத் திறந்து, எங்கிருந்தோ ஒரு பாட்டரி வரவழைத்து, பெட்டியை வாயிற்படியில் வைத்தார். ஊரே வேப்பமரத்தடியில் நின்று நேரு மறைந்த செய்தியைக் கேட்டது. மறுநாள் பெட்டி மீண்டும் அலமாரிக்குள் சென்றது.

இதே பத்தாண்டில் இதே வானொலி வேறோரிடத்தில் வியக்கத்தக்க வெற்றி கண்டது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஆடுதுறை 27 என்னும் குறுகிய காலப் பயிர் தஞ்சை மாவட்டத்தில் பரவியது. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டு உழவர்கள் அதனைப் பயிரிட்டார்கள். நெல்லுக்கு அவர்கள் இட்ட பெயரே ரேடியோ நெல்! எழுத்தறியாத உழவர் பலரும் வானொலியில் கற்றார்; எழுத்துப் பயிலும் சிறுவன் கற்கவில்லை. ஏன்? உழவர் கேட்டதை மறுநாளே வயலில் செய்து பார்க்க முடிந்தது. ஐயம் எழுந்தால் வேளாண்மை அலுவலரைக் கேட்டார்; நிலையத்துக்குக் கடிதம் எழுதினால் மறுமொழி ஒலிபரப்பாயிற்று. பக்கத்து வயல்காரர் கண்கூடான சான்று. வானொலி அங்கே தனியாகப் பேசவில்லை. வகுப்பறையிலோ பாடம் தானாகத் தொடங்கித் தானாக முடிந்தது. பின்வரிசையிலிருந்த பையன் விளங்கவில்லை என்று கையைத் தூக்கினாலும் சென்னையில் உள்ள பேராசிரியருக்கு அது தெரியாது.

இந்தக் குறையை நேராக எதிர்கொண்ட முயற்சி ஒன்று நடு அமெரிக்க நாடான நிகராகுவாவில் நடந்தது. 1970களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள் அந்நாட்டு ஆசிரியர்களோடு சேர்ந்து தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடத்தை வானொலியில் நடத்தினார்கள். அவர்கள் செய்த புதுமை மிக எளியது. வானொலி ஒரு கேள்வி கேட்கும். சில வினாடி வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தில் பிள்ளைகள் உரக்க விடை கூறுவார்கள். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். ஒரு பாடத்தில் பல முறை இப்படி நடக்கும். அந்த வகுப்புகளின் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். பேசும் பெட்டி பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டபோதுதான் நல்ல ஆசிரியராயிற்று.

நம் நாட்டில் அதே சமயம் பெரியதொரு சோதனை நடந்தது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றைக் கடன்பெற்று, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி அளிக்கப்பட்டது. கோழிக்கூட்டுக் கம்பிவலை போன்ற வலையால் ஆன வானலை வாங்கிகள் நம் பொறியாளர்களின் கைத்திறன். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மாலையில் ஊராருக்கும் நிகழ்ச்சிகள் வந்தன. விடுமுறையில் பல்லாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி அளித்தார்கள். தொலைக்காட்சியோடு வானொலியும் அச்சுப் பாடமும் செய்முறைப் பயிற்சியும் சேர்ந்த பயிற்சி அது. சோதனை முழுவதிலும் என் கணிப்பில் சிறந்தது அதுவே. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. சென்னைக்குத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் வந்தது; அதன் அலை விருத்தாசலத்துச் சிற்றூர்ப் பள்ளியை எட்டப் பல்லாண்டு ஆயிற்று. 1984இல் நாடெங்கும் 250 பள்ளிகளில் கணினி வைத்துத் தொடங்கிய திட்டத்தைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளி அலமாரியின் கதைதான் பல இடங்களில் மீண்டும் நடந்தது. கணினி அறைக்குக் குளிர்சாதனமும் பூட்டும் வந்தன.

கடல்கடந்து ஒரு செய்தி. இலங்கையின் மலைநாட்டில் கொத்மலைச் சமூக வானொலி 1999இல் யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தையும் வானொலியையும் ஒன்றாக இணைத்தது. கணினி இல்லாத சிற்றூர்வாசி தன் கேள்வியை நிலையத்துக்கு அனுப்புவார். நிலையத்தார் இணையத்தில் தேடி, அறிந்தவரை உடன் வைத்துக்கொண்டு, அவர் மொழியிலேயே விடையை ஒலிபரப்புவார்கள். ஒரே ஒரு கணினியை ஒரு வட்டாரமே பயன்படுத்தியது. விலை உயர்ந்த புதுப்பொருளைப் பழைய மலிவான பொருளோடு சேர்த்துப் பிழைக்கும் இந்தச் சாமர்த்தியம் நம் கிராமத்துத் தச்சருக்கும் கொல்லருக்கும் நன்கு தெரிந்ததே.

நம் கடற்கரைக்குத் திரும்புவோம். காளிக்குப்பம் என்னும் தமிழ் பேசும் மீனவச் சிற்றூரில், தெருவோரக் கணினியில் உயிரியலின் கடினமான பகுதி ஒன்றை ஆங்கிலத்தில் இட்டு, ஆசிரியர் எவருமின்றிப் பிள்ளைகளிடம் விட்டார் சுகதா மித்ரா என்னும் அறிஞர். மரபணுக்கூறு தன்னைத் தானே படியெடுக்கும் முறை பற்றிய பாடம் அது. தொடக்கத்தில் அவர்களுக்கு அதில் ஏறத்தாழ ஒன்றுமே தெரியாது. சில வாரங்கள் தாமே கூடிப் பேசிப் பார்த்ததில் நூற்றுக்கு 30 அளவு மதிப்பெண் பெற்றார்கள். இது பெரிய வியப்பே. ஆனால் அதற்குமேல் ஏறவில்லை. பிறகு அவ்வூரில் பிள்ளைகளோடு பழகிய ஓர் இளம்பெண்ணை உடன் இருக்கச் சொன்னார்கள். அப்பெண்ணுக்கு உயிரியல் தெரியாது. பாட்டி பேரனைப் பார்ப்பது போலப் பின்னால் நின்று, ‘அடடே, இதை எப்படிக் கண்டுபிடித்தாய்? எனக்கும் சொல்’ என்று கேட்டுக்கொண்டிருந்தது மட்டுமே அவள் செய்த வேலை. மேலும் சில வாரங்களில் மதிப்பெண் 50ஐ எட்டியது. இந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆசிரியர் இன்றியே கல்வி நடக்கும் என்பதற்குச் சிலர் இதனை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கோ அது வேறு விதமாகப் படுகிறது. 30க்கும் 50க்கும் இடையே உள்ள 20 மதிப்பெண்ணைக் கணினி தரவில்லை. அருகில் நின்ற பெண் தந்தாள்.

அண்மைக்கால நிகழ்ச்சிகளை நீங்களே அறிவீர்கள். 2011இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி. 2018இல் புதிய பாடநூல்களின் ஓரத்தில் கைப்பேசியால் படிக்கத்தக்க சதுரக் குறியீடு. 2019 ஆகஸ்டு 26இல் கல்வித் தொலைக்காட்சி. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபோது இவை அனைத்தும் ஒரே நாளில் தேர்வுக்கு நின்றன. கைப்பேசி உள்ள வீட்டில் பாடம் தொடர்ந்தது. ஒரு கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் வீட்டில் இரவில் தொடர்ந்தது. அதுவும் இல்லாத வீட்டில் நின்றுபோயிற்று. பிறகு 2021 அக்டோபரில், விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. படித்த இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், தம் தெருப் பிள்ளைகளை மாலையில் திண்ணையில் கூட்டிப் பாடம் சொன்னார்கள். பெல் கண்ட மணற்பள்ளி இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து மீண்டும் நம் திண்ணைக்கே வந்துவிட்டது. பொன் ஆற்றுக்கே திரும்பிற்று என்று சொல்லலாமா? அந்த ஒன்றரை ஆண்டில் படிப்பை விட்டு வேலைக்குச் சென்ற பிள்ளைகளை எண்ணும்போது அப்படிச் சொல்ல நா எழவில்லை.

இன்று சிற்றூர்ப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைகின்றன. அவை நிலைக்க வேண்டுமானால் பீங்கான் பயிலும் மாணவன் பயிலும் விதத்தை நாம் சற்றுக் கவனிப்பது நன்று. களிமண்ணும் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைக் கணினித் திரையில் காட்டிவிடலாம். ஆனால் அச்சில் வார்த்த பொருள் உலரும்போதும் வேகும்போதும் சிறுக்கும். எவ்வளவு சிறுக்கும் என்பது மண்ணுக்கு மண் மாறும். சூளையின் எந்தப் பக்கத்தில் வைத்தோம் என்பதாலும் மாறும். இதனைச் சில துண்டுகளை உடைத்துப் பாழாக்கிய பின்னரே கை அறியும். அப்போது அருகில் நின்று, ‘போகட்டும், இன்னொன்று வார்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். உடைத்ததற்குப் பதில் சொல்ல வேண்டிய இருப்புப் பதிவேடு குறுக்கே நின்றால் எந்தக் கையும் பழகாது. எங்கள் தலைமையாசிரியருக்கு அந்த ஒரு வார்த்தையை மேலிடத்திலிருந்து எவரும் சொல்லவில்லை.

நான் 1966இல் ஐந்தாம் வகுப்பு முடித்து, நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கு நடக்கத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மின்சாரம் வந்தது. சுவரில் வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்றை வைத்தார்கள். புதிதாக வந்த உதவியாசிரியர் ஊராரிடம் பணம் திரட்டி, மின்சாரத்தில் ஓடும் வானொலி ஒன்று வாங்கினார். அலமாரியில் வைக்காமல், பிள்ளைகள் திருகக்கூடிய உயரத்தில் ஒரு பலகை அடித்து வைத்தார். பாடம் முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, கேட்டதைப் பற்றி அவர் பேசச் சொல்வாராம். எங்கள் வீட்டில் அதைக் கேட்டது நான் அல்லேன், என் தங்கை. ஒரு நாள் மாலை நான் களைத்து வந்து உட்கார்ந்ததும், புத்தகப்பையைக்கூட இறக்காமல் ஓடிவந்து சொன்னாள்: “அண்ணே, நெய்வேலியில் கரி வெட்டுகிறார்களே, அங்கே முன்னொரு காலத்தில் பெரிய காடு இருந்ததாம்! ரேடியோவில் சொன்னார்கள். அந்தக் காடு எப்படி மண்ணுக்குள்ளே போனது தெரியுமா உனக்கு?”

எனக்குத் தெரியாது. அன்றிரவு அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.